இரண்டாவது டம்ளர்

காபி வந்துவிட்டது. இனி அது ஆறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று திரவியம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். முக்காலியின்மேல் வெள்ளி டம்ளர், அதன் விளிம்பில் நுரை, நுரைக்கு மேலே நெளிந்து எழும் ஆவி. அந்த ஆவியோ, பேருந்து முழுவதும் காலியாகக் கிடந்தாலும் நேராக நடத்துநர் இருக்கையில் வந்து உட்காரும் பிரயாணியைப் போல, கூடத்தில் இருந்த அத்தனை மூக்குகளையும் விட்டுவிட்டு அவருடைய மூக்கைத்தான் தேடி வந்தது. முப்பத்தொரு வருடங்கள் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையே விசில் ஊதிய மனிதருக்குப் பிரயாணிகளை இறக்கிவிடத் தெரியும், இந்த வாசனையை எப்படி இறக்கிவிடுவது என்றுதான் தெரியவில்லை. முற்பகல் பதினொரு மணி. ஆலங்குளத்தில் வைகுண்டமணி என்னும் பால் வியாபாரியின் வீட்டுக் கூடம். திரவியத்தின் வலப்புறம் அவருடைய மகன் லிங்கதுரை. முப்பத்திரண்டு வயது, ஓசூரில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை. இதற்கு முன் ஆறு வீடுகளில் பெண் பார்த்து ஆறும் தட்டிப்போயிருந்தன. இடப்புறம் ஒரு காலி நாற்காலி. மாப்பிள்ளை வீட்டார் என்றால் தாயும் வருவாள் என்ற பழக்கத்தில் யாரோ போட்டுவிட்டார்கள். தாய் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்பது பிறகு நினைவுக்கு வந்திருக்கும், எடுத்தால் மரியாதை இல்லையென்று அப்படியே விட்டிருப்பார்கள். அதற்கப்பால் திரவியத்தின் தமக்கை அன்னக்கிளி, சுரண்டையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவள். எதிரே வைகுண்டமணி, அகன்ற முகம், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. கதவோரத்தில் அவர் மகள் உலகம்மாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், காபித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலை குனியாமல் நிற்கிறாள். தலை குனியாத அந்த நிலை திரவியத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினையாகிவிட்டது. பிடிக்காத இடமாக இருந்தால் இந்தக் காபியால் ஒரு தொல்லையும் இல்லை. தொடாமல் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஏனென்றால் அவர்களுடைய சொந்தபந்தங்களுக்குள் வழக்கம் அப்படி. பெண் கொண்டுவரும் காபியைப் பையனின் தகப்பன் குடித்துவிட்டால் சம்மதம். குடிக்காமல் வைத்துவிட்டால் சம்மதமில்லை. ஒரு பெண்ணைப் பெற்றவனின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் கொடுமை இருக்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ நல்ல மனம் படைத்த யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. வாய் ஆயிரம் பேசலாம், டம்ளர் சொல்வதே முடிவு. சென்ற தை மாதம் ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுக் காபி நிறைந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்ததும், மறுநாள் யாரும் யாருக்கும் தொலைபேசியில் பேசாமலே அந்தப் பேச்சு முடிந்துபோனதும் திரவியத்துக்கு நினைவில் இருந்தன. அன்று அவருக்கு உள்ளூர எவ்வளவு வசதியாக இருந்தது. அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு மாதிரியான மனிதர், டம்ளர் நிறையக் காபியும் வேண்டாம், சம்பந்தமும் வேண்டாம், இரண்டும் ஒரே கல்லில் முடிந்தது. இன்றைக்கோ லிங்கதுரை தன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை ஓசை கேட்கும்படி வைத்தான். ஆறு வீடுகளில் உதட்டை மட்டும் நனைத்தவன். அந்த ஓசையைக் கேட்டதும் திரவியத்தின் நெஞ்சு ஒருமுறை துள்ளி, உடனே உட்கார்ந்துவிட்டது. மகனுக்குப் பிடித்துவிட்டது. தமக்கைக்குப் பிடித்துவிட்டது, அவள், உலகம்மாளின் தாய் சொர்ணத்திடம் எந்தக் கோயிலில் கல்யாணம் வைத்தால் கூட்டம் கொள்ளும் என்கிற மட்டும் போய்விட்டாள். இனி அவர் ஒருவர் பாக்கி. பதினொரு மாதமாகப் பாலைத் தொடாதவர். அதை இந்தக் கூடத்தில் யாருக்கும் சொல்லாதவர். நுரையில் ஒரு குமிழ் உடைந்தது. இன்னும் சூடு இருக்கிறது. அவகாசம் இருக்கிறது.

வைகுண்டமணி, குடிங்க அண்ணாச்சி, நம்ம வீட்டு மாட்டுப் பாலு, தண்ணி ஒரு சொட்டு கலக்கலை, என்று பெருமையாகச் சொன்னார். தொழுவத்தில் பதினொரு மாடுகள். பதினொரு மாதம், பதினொரு மணி, பதினொரு மாடு; உலகமே பதினொன்றாகச் சேர்ந்து அவரை வளைத்துக்கொண்டது போலிருந்தது. எதையாவது சொல்லித் தப்பிக்க முடியுமா என்று மனம் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிப் பார்த்தது. சர்க்கரை நோய் என்று சொல்லலாம். உடனே சர்க்கரை போடாத காபி வரும், அதோடு சர்க்கரை பரம்பரையாக வருமாமே என்ற பேச்சும் வரும், பையனின் இரத்தத்தைப் பரிசோதித்துக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். சற்று முன்புதான் ஆறு முறுக்கு தின்று தொலைத்தார், அதை வைகுண்டமணி கண்ணாரப் பார்த்தார். கோயிலுக்கு விரதம் என்று சொல்லலாம். அந்தப் பொய்யை அவர் தெருவில் ஏற்கெனவே செலவழித்தாயிற்று. ஆட்டுக்கறியையும் கருவாட்டையும் முட்டையையும் நிறுத்திய புதிதில், மாலை போட்டிருக்கிறாரோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். அவரும் ஆமென்று தலையாட்டிவைத்தார். நாற்பத்தெட்டு நாள் போய், நூறு நாள் போய், அண்ணாச்சி எந்தக் கோயிலுக்குத்தான் மாலை போட்டிருக்கீங்க, வழி அவ்வளவு தூரமா என்று அவர்கள் கேலி செய்யும் மட்டும் வந்துவிட்டது. நூலகத்தில் ஒரு வாலிபன்தான் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்றான். வீகன். கேட்டதும் திரவியத்துக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணக் கோஷ்டியை ஏற்றிச் செல்லும் வண்டியின் பெயர் போலிருந்தது. தமிழிலும் நனிசைவம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். அது கொஞ்சம் கம்பீரமாக இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் காபியை மறுக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்குக் கொள்கை இருக்கும். அவருக்கு இருந்தது கொள்கையா என்ன? அவருக்கு இருந்தது ஒரு காரணம், ஒரே ஒரு காரணம், அதை வெளியே எடுத்தால் கிறுக்கு என்பார்கள். சர்க்கரை நோயையாவது மாத்திரையில் கட்டுப்படுத்தலாம்.

அன்னக்கிளி காலி நாற்காலியைத் தாண்டிச் சாய்ந்து, ஏலே, ஆறுது பாரு, காபியை வேடிக்கை பாக்கதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன் என்று பல்லைக் கடித்தாள். காலையிலிருந்தே அவளுக்குத் தம்பிமேல் கோபம். பெண் பார்க்கப் போகிறவன் ரப்பர் செருப்பிலா வருவான்? பட்டுக்கரை வேட்டி பெட்டியில் மடித்துக் கிடக்க, நூல் வேட்டியா கட்டுவான்? அவர் சிரித்துவைத்தார். பட்டும் தோலும் வேண்டாம் என்று வைத்ததைக்கூட எளிதில் சொல்லிவிட முடியும். ஆனால் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வரும், அடுத்ததற்கு அடுத்தது வரும், கடைசியில் அந்த டம்ளர் வரும். அடடா, இந்தக் காபி வாசனை. கறி அவரை ஒருநாளும் திரும்பக் கூப்பிட்டதில்லை. நெய் ஒரு மாதம் கூப்பிட்டது. மோர் மூன்று மாதம் கூப்பிட்டது. அதற்காக நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துத் தயிராக்கப் பார்த்தார், இரண்டாம் நாள் அது பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பங்கரை முழுவதும் நடந்துபோயிற்று. தேங்காய்ப்பால் சொதி கைகொடுத்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி பரிமாறுவார்களே, அதை வெட்கமில்லாமல் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிடலாம் என்று இந்த வீட்டுப் படியேறும்போதே நினைத்துக்கொண்டார். கல்யாணம் நடந்தால் அல்லவா. காபி மட்டும்தான் இன்றைக்கும் கூப்பிடுகிறது. வேலையில் இருந்த காலத்தில் புதிய பேருந்து நிலையத்தில் ஒன்று, பாவூர்சத்திரத்தில் ஒன்று, தென்காசியில் இறங்கியதும் ஒன்று. விசிலை வாயிலிருந்து எடுத்தால் டம்ளர், டம்ளரை எடுத்தால் விசில். குடித்துவிட்டால்தான் என்ன? ஒரே ஒரு நாள். அறுபத்திரண்டு வருடம் குடித்த வாய். மகனுக்காக. யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? அவர் கையை நீட்டினார். விரல்கள் வெள்ளியைத் தொட்டன. இளஞ்சூடு. நல்ல பதம். கூடத்தில் இருந்த எல்லோரும் மூச்சை நிறுத்தியது போலிருந்தது. அப்போது பின்கட்டுத் தொழுவத்தில் ஒரு கன்று குரல் கொடுத்தது, உடனே தாய்மாடு பதில் கொடுத்தது, சாதாரணமாக, இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல. அவருடைய விரல் டம்ளரைத் தூக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிவைத்தது. தள்ளிவைத்ததை அவரே தாமதமாகத்தான் கவனித்தார்.

மற்றவர்கள் தாமதிக்கவில்லை. அடுக்களை வாசலில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் பூவும் வைத்த தாம்பாளத்தோடு நின்றிருந்த சொர்ணம் அப்படியே உள்ளே திரும்பினாள். வைகுண்டமணி சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். லிங்கதுரை தன் காலி டம்ளரையே பார்த்தான். உலகம்மாள் மட்டும் திரவியத்தைப் பார்த்தாள், தவறான விடை போட்ட மாணவனின் தாளைப் பார்ப்பதுபோல, எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுகிற பார்வை. இது வேண்டாம் என்பதல்ல அம்மா என்று அவருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நுரை அடங்கி, காபியின்மேல் மெல்லிய ஆடை படியத் தொடங்கியது. அந்த ஆடை. ஆறிப்போன காபியின் ஆடையை அவரைப்போல் பார்த்தவர்கள் இருக்க முடியாது. இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குப் பார்த்தார். மனைவி தங்கபுஷ்பம் இறந்த பதினேழாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அவர் காபி கலந்தார். பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஊற்றியதைத் திரும்பக் கவிழ்க்க மனம் வராமல் எதிரே அவள் இடத்தில் வைத்தார். மறுநாள் பழக்கத்தில் அல்ல, தெரிந்தே ஊற்றினார். அவள் இடத்தில் வைப்பார். பேருந்தில் இன்னார் ஏறினார், இன்னார் சண்டை போட்டார் என்று பழைய கதைகளைச் சொல்வார். பத்து மணிக்கு அந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு அதையும் அவரே குடிப்பார். வருத்தமாகக்கூட இல்லை. ஒரு வகையில் நன்றாகவே இருந்தது. ஓசூரிலிருந்து மகன் தொலைபேசியில், சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா என்று கேட்கும்போது நல்லா இருக்கேன் என்பார், பொய் இல்லை.

பாலுக்குத் தெருக்கோடி செல்லையாவின் வீடு. ஒரே மாடு, செவலை. நல்ல சுபாவம். சென்ற வருடம் அதன் கன்று பிறந்த எட்டாம் நாள் செத்துப்போயிற்று; மாடு மடியை இறுக்கிக்கொண்டது, சொட்டுப் பால் இறங்கவில்லை. செல்லையா எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சிகளில் நிறுத்தி, முதுகில் உப்பும் தவிடும் தடவித் தாயின் முன்னால் வைத்தான். அவசரத்தில் ஒரு காதைத் தலைகீழாகத் தைத்துவிட்டான். செம்போடு நின்றிருந்தவர்கள் அந்தக் காதைப் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தார்கள், திரவியமும்தான். மாடு காதையெல்லாம் பார்க்கவில்லை. நக்கியது. நக்க நக்கப் பால் இறங்கியது. ஒரு மாதம் இப்படி. பிறகு ஒருநாள் காலையில் கழுத்துத் தையல் விட்டு ஒரு பிடி வைக்கோல் வெளியே எட்டிப்பார்த்தது. மாடு நக்குவதை நிறுத்தியது. முகர்ந்தது. நிதானமாக அந்த வைக்கோலை இழுத்து மென்று தின்றது. தின்று முடித்துவிட்டு, மறுபடியும் அந்தத் தலைகீழ்க் காதை நக்கத் தொடங்கியது. திரவியம் செம்போடு நின்றார். அதுவரை அந்த மாடு ஏமாந்துகொண்டிருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தார். ஏமாறவில்லை. அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே நக்குகிறது. வீட்டுக்கு வந்தார், பாலைக் காய்ச்சினார், காபி கலந்தார், இரண்டு டம்ளரில் ஊற்றினார், எதிரே வைத்தார், உட்கார்ந்தார், எதிர் டம்ளரைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனி வீட்டில், ஒற்றை ஆளாக, கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தார். ஏ புஷ்பம், காது தலைகீழா இருக்கே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் இருந்திருந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். பிறகு இரண்டு டம்ளரையும் முற்றத்து முருங்கையடியில் கொட்டினார். தன் நிலைமையில் இருக்கும் ஒரு ஜீவனிடம் போய்ச் செம்பை நீட்டிக்கொண்டு நிற்பதா? அவ்வளவுதான் காரணம். மறுநாள் ஒற்றை டம்ளரில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. மனம் இறகாக இருந்தது. அந்த வழியே போய்ப் பார்த்தபோது கறியும் கருவாடும் நெய்யும் பட்டும் தாமாகவே ஒவ்வொரு நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டன. அவர் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை.

கடுங்காப்பி. அதைக் கேட்டு வாங்கினால் என்ன என்று மனம் துள்ளி எழுந்தது, எழுந்த வேகத்தில் தலையில் இடித்துக்கொண்டது. பால் விடாத காப்பியைத் துஷ்டி வீட்டில் அல்லவா கொடுப்பார்கள்; சவம் கிடக்கும் வீட்டில் அடுப்பில் பால் ஏறாது என்பதற்காகக் கொடுப்பது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அதைக் கேட்பதும் ஒன்று, எழுந்து வெளியே போவதும் ஒன்று. ஆக, குடிக்கவும் வழியில்லை, கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை. காபியின் ஆடை விளிம்பு வரை போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே தாம்பாளத்தைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. உலகம்மாள் கதவோரத்திலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தாள். அந்த ஒரு அடியைத்தான் திரவியத்தால் தாங்க முடியவில்லை. பேருந்தை நோக்கி ஓடிவரும் ஆளைப் பார்த்த பிறகும் புறப்படச் சொல்லி இரட்டை விசில் கொடுத்தவரல்லர் அவர், முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும்.

"சம்மந்தி," என்றார். அந்த ஒரு சொல்லிலேயே கூடம் நிமிர்ந்தது. "பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. காபியைத்தான் என்னால குடிக்க முடியலை." மாட்டைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்கினார். ஆனால் புறப்பட்ட வண்டி பாதி வழியில் நிற்கவில்லை. செவலையைச் சொன்னார், செல்லையா தைத்த காதைச் சொன்னார், வைக்கோலைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்து, நானும் அப்படித்தான் இருந்தேன், ரெண்டு வருசம், அவளுக்குன்னு ஒரு டம்ளர் ஊத்தி எதிர்ல வச்சுக்கிட்டு, என்று முடித்துவிட்டார். சொல்லி முடித்த பிறகே பயம் வந்தது. லிங்கதுரை தகப்பன் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு டம்ளராப்பா?" என்றான், மிகவும் மெதுவாக.

வைகுண்டமணி தம் உள்ளங்கையைப் பார்த்தார். நானும் ரெண்டு தடவை வைக்கோல் கன்னு வச்சிருக்கேன் அண்ணாச்சி, என்றார். தொழுவுக்கு மேல பரண்ல இன்னும் ஒண்ணு கிடக்கு. எடுத்துப் போடணும் போடணும்னு நினைக்கது, அதைத் தொட்டா என்னமோ மாதிரி இருக்கும், விட்டுருவேன். காதெல்லாம் சரியாத்தான் வச்சேன், என்று தொழில்காரரின் மானத்தோடு சேர்த்துக்கொண்டார். அன்னக்கிளிதான் முதலில் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள்ளிருந்து சொர்ணத்தின் சிரிப்புக் கேட்டது. அவள் வாசலுக்கு வந்து, அப்ப என்னதான் குடிப்பீங்க, ஏதாவது குடிச்சாத்தானே ஆச்சு, என்று கேட்டாள். கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி, என்று திரவியம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்னக்கிளி தலையில் கைவைத்தாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல துஷ்டி வீட்டுக் காப்பியா கேக்கே, உனக்கு மூளை கீளை இருக்கா என்று அவள் தொடங்கியபோது, கதவோரம் நின்ற உலகம்மாளைக் காணவில்லை. யாரிடமும் கேட்கவில்லை அவள். உள்ளே கருப்பட்டியைத் தட்டி உடைக்கும் ஓசை கேட்டது. சொர்ணம் ஒருமுறை உள்ளே எட்டிப்பார்த்தாள். சுக்கின் வாசனையும் காப்பித்தூளின் வாசனையும் சேர்ந்து வந்தன. இதற்கிடையில் வைகுண்டமணி முக்காலியில் ஆறிக்கிடந்த காபியை எடுத்து, தொடாத டம்ளர்தானே, நம்ம பாலை நாமதான் குடிக்கணும், என்று ஆடையோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

உலகம்மாள் திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்றைத் திரவியத்தின் முன்னால் வைத்தாள். மற்றொன்றை அவருக்கு இடப்புறம், அந்தக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள். எவ்வளவு நல்ல பெண், எவ்வளவு மரியாதை, ஆனால் மறுபடியுமா, அம்மா, இத்தனை சிரமப்பட்டு நான் கொட்டிவிட்டு வந்ததை மறுபடியும் என் எதிரே வைக்கிறாயா என்று நினைத்து, அந்தக் கறுப்புக் காப்பியில் ஆடை படியாது, எத்தனை நாள் வைத்தாலும் படியாது, வெறுமனே ஆறும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலி நகரும் ஓசை கேட்டது. உலகம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சமமாக உட்கார்ந்த பெண்ணை அன்னக்கிளி வாய் திறந்து பார்த்தாள். உலகம்மாள் இரண்டாவது டம்ளரை எடுத்து, ஊதி, ஒரு மடக்குக் குடித்தாள்.

"இது ஆறாது மாமா," என்றாள். "நீங்க குடிங்க."

சொர்ணம் தாம்பாளத்தோடு வாசலில் வந்து நின்றாள். லிங்கதுரை எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றான். திரவியம் டம்ளரைத் தூக்கினார். இரட்டை விசில் கொடுத்தாகிவிட்டது. இனிக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்து, முதல் மடக்கிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டார்.